தாமதத்துக்குக் காரணம்

தம்பி, தம்பி, காலை அந்தப் பை மேல வைக்காதீங்க. துணிமணி இல்ல அது. துணிமணியா இருந்தா நானே வச்சுக்கங்கன்னு சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டர் பொட்டி. புதுசு. வாங்கி ஆறு வாரம்தான் ஆகுது. சரியில்ல, திருப்பி எடுத்துக்கங்கன்னு கொடுக்கலாம்னு காலையில புதுக்கோட்டைக்குத் தூக்கிட்டுப் போனேன். எடுத்துக்கமாட்டேன்னுட்டாங்க. அதான் மறுபடியும் சுமந்துக்கிட்டுப் போறேன். இந்த வயசுல இந்தக் கருமத்தைக் கட்டித் தூக்கணும்னு தலையில எழுதியிருக்கு.

நீங்களும் அறந்தாங்கியா? நல்லது. பேசிக்கிட்டே போவோம். பார்த்தீங்களா, இந்த வண்டி ரெண்டு அஞ்சுக்கு எடுக்கணும். ரெண்டு பதினொண்ணுக்கு எடுக்கிறான். ஆறு நிமிஷம். டீயைக் குடிச்சான், கிளாஸை வச்சான், ஏறுனானா? எவன்கூடயோ நின்னு பல்லைக் காட்டிட்டு அப்புறம் ஏறுறான். சீ, என்ன பொழப்பு. நான் டைம் கீப்பரா இருந்தவன் தம்பி. அடைக்கலம்னு என் பேரைச் சொல்லிப் பழைய டிரைவருங்ககிட்டக் கேட்டுப் பாருங்க, இப்பவும் பீடியை மறைப்பாங்க. இருபத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டு கூண்டுக்குள்ள உட்கார்ந்திருந்தேன். வந்த நேரம், போன நேரம், தாமதம், தாமதத்துக்குக் காரணம். நோட்டுல நாலு கட்டம். இந்த நாலாவது கட்டம் இருக்கு பாருங்க, அதை நானா எழுதவே மாட்டேன். டிரைவரைக் கூப்பிட்டு, சொல்லுய்யான்னு கேட்டு, அவன் வாயால என்ன சொல்றானோ அதைத்தான் எழுதுவேன். ரயில்வே கேட் போட்டிருந்தான் சார், டயர் வெடிச்சிருச்சு சார், எதுவா இருந்தாலும் அவன் சொல்லணும். நாமளா ஒரு காரணத்தை எழுதிக்கிட்டா அது ரிக்கார்டு இல்ல, கதை. வேலைக்குப் புதுசா வர்ற ஆளுக்கெல்லாம் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அதை விடுங்க. கம்ப்யூட்டருக்கு வர்றேன்.

எனக்கு ஒரே பையன், கதிரேசன். அவன் இஞ்சினியரிங் சேர்ந்தப்ப ஒரு கம்ப்யூட்டர் வாங்குனோம். பதிமூணு வருஷம் ஆச்சு. அப்ப அது என்ன வேகம்ங்கிறீங்க! தட்டுனா திறக்கும். ரயில் டிக்கெட்டு, கரண்டு பில்லு, நியூஸ், எல்லாம் அதுலதான் பார்ப்பேன். படிச்சு முடிச்சவன் சென்னையில நாலு வருஷம் இருந்தான், அப்புறம் அயர்லாந்து போயிட்டான். போய் அஞ்சு வருஷம். ஒரு தடவைகூட வரல. லீவு கிடைக்கலையாம். அதனால ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வீடியோவுல பேசுறது. செல்லுல பேசலாமேன்னு எல்லாரும் சொல்றாங்க. உள்ளங்கை அகலக் கண்ணாடியிலயா எம்புள்ளை மூஞ்சியைப் பார்க்கணும்? வீட்டுக்காரி மீனாள் செல்லுலதான் பேசுறா, நான் வாக்கிங் போற நேரமாப் பார்த்து. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. நான் கேட்டுக்கிறதில்ல.

அந்தப் பழசு கொஞ்சம் கொஞ்சமா நொண்ட ஆரம்பிச்சுச்சு தம்பி. முதல்ல நியூஸ் திறக்க அஞ்சு செகண்டு. அடுத்த வருஷம் பதினஞ்சு. அதுக்கடுத்த வருஷம் அது பாட்டுக்கு ஒரு வட்டம் சுத்தும் பாருங்க, சுத்தும், சுத்தும், நான் போய் முகம் கழுவிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நெட்டுக் கம்பெனிக்காரன் பேரைச் சொல்லமாட்டேன், வாய் நாறும். அஞ்சு தடவை கம்ப்ளெயிண்ட் பண்ணேன். அஞ்சு பேர் வந்தான். வயரைப் புடுங்குனான், வயரைச் சொருகுனான், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்ன்னான், போயிட்டான். இதுக்கு ஒரு பேண்ட்டு, ஒரு சட்டை, கழுத்துல ஒரு அட்டை. வேகம் கூட்டுறோம்னு ஒரு பிளான் மாத்தினான். அதுவும் அப்படியேதான். பக்கத்து வீட்டுக்காரன் நம்ம நெட்டைத் திருடுறானோன்னு எனக்கு ஒரு சந்தேகம், அவன்கூடப் பேச்சை நிறுத்திட்டேன். அவன் வீட்ல கம்ப்யூட்டரே இல்லன்னு அப்புறம் தெரிஞ்சது. இருந்தாலும் ஆள் சரியில்ல.

நெட்டு மெதுவாப் போனா போகட்டும், எனக்கு என்ன வேலை இருக்கு? பிரச்சினை அது இல்ல. மாசியில எனக்கு எழுபது முடியுது. பீமரத சாந்தி. திருக்கடையூர்ல வச்சுப் பண்ணணும். புள்ளை நின்னு குடத்துத் தண்ணியை ஊத்தணும். ஒரே புள்ளை, வேற யாரு ஊத்துவா? தேதி என் நட்சத்திரத்துல இருக்கு, அது மாறாது. அவன் வர்றானா, எந்தத் தேதிக்கு வர்றான், இது தெரிஞ்சாத்தானே நான் மண்டபத்துக்குச் சொல்ல முடியும்? இதைத்தான் வாராவாரம் கேட்கிறேன். கேட்டா பதில் வரமாட்டேங்குது. வராம இல்ல, வருது. லேட்டா வருது. "எப்படா வர்றே?" அப்படின்னு கேட்பேன். அப்படியே நிக்கும் மூஞ்சி. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினேழு செகண்டு கழிச்சு "பார்க்கலாம்ப்பா"ன்னு வரும். இந்தப் பாழாப்போன மெஷின் எம்புள்ளை பதிலை வழியில எங்கயோ நிப்பாட்டி வச்சிருக்கு.

நான் சும்மா இருப்பேனா? நோட்டு போட்டேன். பழைய பழக்கம். அதே நாலு கட்டம். கேள்வி போன நேரம், பதில் வந்த நேரம், தாமதம், காரணம். இந்த வாட்ச் டிப்போவுல கொடுத்தது, செகண்டு தப்பாது. எட்டு மாசம் எழுதியிருக்கேன். கம்பெனிக்காரன் மூஞ்சியில வீசணும்ல, ஆதாரம் வேணும்ல?

இப்ப நினைச்சுக்கிட்டேன், அவன் சின்னப் புள்ளையா இருக்கும்போதும் வீட்ல ஒரு நோட்டு வச்சிருந்தேன். சிரிக்காதீங்க. நாலு இருபதுக்குப் பள்ளிக்கூடம் விடும், நாலு முப்பத்தஞ்சுக்கு வீட்ல இருக்கணும். லேட்டா வந்தா நேரம் எழுதி, காரணம் எழுதி, கையெழுத்துப் போடணும். ஒரு நாள் செருப்பு அந்துருச்சுன்னு எழுதினான். நான் போய் செருப்பை எடுத்துப் பார்த்தேன், அந்து போகல. மூணு நாள் அவன்கூடப் பேசல நான். அடிக்கல தம்பி, அடிக்கிற ஆள் இல்ல நான், பேசல, அவ்வளவுதான். அதுக்கப்புறம் பாருங்க, நான் எதைக் கேட்டாலும் புள்ளை சட்டுன்னு வாயைத் திறக்கமாட்டான். நின்னு, யோசிச்சு, எச்சியை முழுங்கி, அப்புறம்தான் பதில் சொல்லுவான். பொறுப்பா வளர்த்தேன். இந்தக் காலத்துப் புள்ளைங்க மாதிரி கேட்டதும் கத்துற வழக்கமெல்லாம் கிடையாது.

சரி, எங்க விட்டேன்? ஆங், நஸ்ரீன். புதுக்கோட்டையில கம்ப்யூட்டர் விக்கிற, ரிப்பேர் பண்ற கடை ஒண்ணு. அங்க வேலை பார்க்கிற பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுக்கே வந்து பார்ப்பாங்கன்னாங்க, வரச் சொன்னேன். வந்தா. முதல் வேலையா என் வயரைப் பிடுங்கி அவ கையில கொண்டாந்த லேப்டாப்புல சொருகுனா. டக்குன்னு திறந்துச்சு. நியூஸ், ரயில், எல்லாம் டக்கு டக்குன்னு. "ஐயா, லைன்ல ஒரு குறையும் இல்லைங்க. உங்க மெஷின்தான்"னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. அத்தனை மாசம் நோட்டு போட்டது எவனுக்கு? கம்பெனிக்காரனுக்கு. அவன் தப்பிச்சுட்டான் பாருங்க.

அப்புறம் பொட்டியைத் திறந்தா. ஐயோ, அதைச் சொல்லவே கூசுது. உள்ள மெத்தைப் பஞ்சு மாதிரி தூசி. காத்தாடி ஒண்ணு இருக்கும்ல, அது சுத்தவே இடமில்ல. ஓரமாப் பல்லி முட்டை நாலு. ஒரு பல்லி செத்து வத்தலாக் கிடக்கு. இதுக்கு முன்னாடி உட்கார்ந்துதான் நான் எம்புள்ளை மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு. "ஏண்டி, துடைக்கமாட்டியா?"ன்னு மீனாளைக் கேட்டேன். "உள்ளுக்குள்ள கையை விட்டுத் துடைக்கவா நீங்க என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்க?"ன்னா. அந்தப் பொண்ணு முன்னாடியே.

அப்புறம் அந்தப் பொண்ணு ஆன் பண்ணிப் பார்த்துட்டு, "ஐயா, இதுல மூணு ஆன்டிவைரஸ் ஓடுது"ன்னா. ஒண்ணு போதாதுன்னுதானே மூணு போட்டேன்? "வேகமாக்குறேன்னு போட்டது மட்டும் ஏழு இருக்கு. மெஷினைத் திறந்ததும் இது ஏழும் முதல்ல எழுந்து உட்கார்ந்துக்குது. மிச்ச இடத்துலதான் உங்க நெட்டு ஓடணும்"னா. இலவசம்னு வந்துச்சு, அழுத்துனேன். வேகமாக்குவேன்னு எழுதியிருக்கு, மெதுவாக்குறானுங்க. இதெல்லாம் ஒரு பொழப்பா? த்தூ. மன்னிச்சுக்கங்க, ஜன்னலுக்கு வெளியதான் துப்பினேன்.

அதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? அதையெல்லாம் எடுத்துட்டாலும் முழுசா சரியாகாதாம். ஏம்மா, மெஷினுக்கு வயசாயிருச்சான்னு கேட்டேன். "இல்லைங்கய்யா, அது அன்னைக்கு எப்படி இருந்துச்சோ கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. அதுகிட்டக் கேட்குறதுதான் கூடிப்போச்சு. நீங்க பஸ் ஸ்டாண்டுல இருந்தவங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியும். பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நியூஸ் பக்கம்னா பத்து வரி, ஒரு போட்டோ. கைப்பையோட ஏறுற பயணி. இன்னைக்கு அதே பக்கத்துல நாலு விளம்பரம், தானா ஓடுற வீடியோ, நீங்க எதைப் பார்க்கிறீங்கன்னு பின்னாலயே வர்ற வேவு வேலை, எல்லாம் சேர்ந்து இறங்குது. பீரோ கட்டிலோட ஏறுறாங்க. ரோடு அகலமாயிருச்சு, நெட்டு நல்ல வேகம்தான். வண்டி அதே பழைய வண்டி. நெட்டைத் திறக்கிற சாப்ட்வேரும் வருஷாவருஷம் பெருத்துக்கிட்டே போகுது, உங்க மெஷின்ல இருக்கிற இடம் அதே இடம்தான். வீடியோ கால்னா இன்னும் பாரம்"னா.

எனக்கே பஸ் சொல்லிக்கொடுக்கிறா! புரிஞ்சுச்சு, புரியாம என்ன. அதான் எரிச்சல். எவனோ அவன் சோப்பு விளம்பரத்தை என் வண்டியில ஏத்துவான், அதுக்கு நான் வண்டியை மாத்தணுமா? பத்து வரி நியூஸ் படிக்கிறவனுக்கு எதுக்குப் பீரோவும் கட்டிலும்? எந்த ஊர் நியாயம் இது? வயித்தெரிச்சல் தம்பி. ஆனா மாசி நெருங்குதே. எம்புள்ளை பதில் சீக்கிரம் வரணுமே. வாங்கித் தொலைச்சேன். அதுதான் இந்தப் பொட்டி.

வேகத்தைக் கேட்காதீங்க. கையை வைக்கிறதுக்குள்ள திறக்குது. அந்த வட்டம் இருக்கு பாருங்க, அதைக் கண்ணால பார்க்கிறதே இல்ல. ஞாயித்துக்கிழமை வந்துச்சு. சட்டையை மாத்திக்கிட்டு உட்கார்ந்தேன். மூணு மணிக்கு வர வேண்டியவன் மூணு நாலுக்கு வந்தான். "நாலு நிமிஷம் லேட்டு"ன்னேன். ஆனா படம் பாருங்க, கண்ணாடி! தாடையில மருகூடத் தெரியுது. நெத்தியில முடி பின்னால போயிருச்சு, அதெல்லாம் அந்தப் பழசுல தெரியவே இல்ல. அவனுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு கடிகாரம், அதுல செகண்டு முள்ளு ஓடுறதுகூடத் தெரியுது. கேட்டேன். "எப்படா வர்றே? மண்டபத்துக்குச் சொல்லணும்."

நிக்குது தம்பி. மூஞ்சி அப்படியே நிக்குது. நான் என் வாட்சைப் பார்க்கிறேன், அவன் சுவத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறேன், ரெண்டும் சரியா ஓடுது. அவனுக்குப் பின்னாடி ஒரு பூனை, வளர்க்கிறானாம், சொன்னதே இல்ல, அது சோபாவுல ஏறி, வாலை ஆட்டி, இறங்கிப் போகுது. எதுவும் தடங்கல் இல்ல. இவன் மட்டும் நிக்கிறான். கண்ணு மட்டும் ஒரு தடவை சிமிட்டுச்சு. இருபத்திரண்டு செகண்டு. அப்புறம் "பார்க்கலாம்ப்பா." என்ன மெஷின் இது? பூனையை அனுப்புது, புள்ளையை அனுப்பமாட்டேங்குது!

ஆறு ஞாயிறு பார்த்தேன். இருபத்திரண்டு, இருபது, பத்தொன்பது, இருபத்தாறு, இப்படித்தான். பழசைவிட மோசம். அதான் இன்னைக்குப் பொட்டியையும் நோட்டையும் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனேன். நஸ்ரீன்தான் இருந்தா. மாட்டினா, ஓட்டினா, எதிர்க்கடையில இருக்கிறவரை வீடியோவுல கூப்பிட்டு என்னைப் பேசச் சொன்னா. அந்த ஆள் கேட்டதுக்கு உடனே உடனே பதில் சொல்றார். "மெஷின்ல குறையில்லைங்கய்யா"ன்னா. அப்ப இதைப் பாருன்னு நோட்டை அவ முன்னால போட்டேன்.

பொறுமையா ஒவ்வொரு பக்கமா புரட்டினா. அரை மணி நேரம். நடுவுல டீ வாங்கிக் கொடுத்தா, நான் தொடல. அப்புறம், "ஐயா, இந்த வரியில எல்லாம் ஒரு செகண்டு, ஒரு செகண்டுன்னு இருக்கே, அது என்னங்க?"ன்னா. பார்த்தேன். அது ஞாயித்துக்கிழமை நான் பேசும்போது மீனாள் நடுவுல எட்டிப் பார்த்துக் கேட்டது. சாப்பிட்டியாடா, என்ன குழம்பு வச்சே, குளிருதா, இந்த மாதிரி. அதையும் எழுதியிருக்கேன், ரிக்கார்டுன்னா எல்லாம்தானே எழுதணும். "அம்மா கேட்டா எட்டு மாசமா லேட்டே இல்லீங்களே. பழைய மெஷின்லயும் ரெண்டு செகண்டுதான் இருக்கு"ன்னா. ஏம்மா, மெஷினுக்கு ஆம்பளை குரல் ஆகாதான்னு கேட்டேன். அவ சிரிக்கல. சிரிச்சிருந்தாத் தேவலை.

அப்புறம் விரலை நாலாவது கட்டத்துல வச்சா. மேலேருந்து கீழ வரைக்கும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு இருக்கு. என் கையெழுத்து. "ஐயா, இந்தக் காரணத்தை எழுதினது யாருங்க?"ன்னா. நான்தான்னேன். "உங்க பையன்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"ன்னு கேட்டா.

பார்த்தீங்களா வாயை? கடையில வேலை செய்யிற பொண்ணு! மெஷினைப் பத்திப் பேசச் சொன்னா குடும்பத்தைப் பத்திப் பேசுது. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். நோட்டைப் பிடுங்கிக்கிட்டேன். அவ சட்டுன்னு எழுந்து இந்தப் பையைக் கட்டிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ சொல்லட்டுமான்னு கேட்டா. என்னைப் பார்த்துப் பாவப்படுறா தம்பி. கம்பெனிக்காரன் ஏமாத்தினப்பகூட எனக்கு இவ்வளவு அருவருப்பா இல்ல. ஆட்டோவும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு தோள்ல தூக்கிக்கிட்டே நடந்து வந்தேன்.

அழியாநிலை தாண்டிட்டோமா? இன்னும் பத்து நிமிஷம்.

உங்களுக்கு என்ன வயசு? எம்புள்ளைக்கும் கிட்டத்தட்ட அதான். உங்கப்பா இருக்காரா? இருக்காருல்ல, சந்தோஷம். அப்ப உங்களுக்குத்தான் தெரியும், நீங்க சொல்லுங்க. ஒரு அப்பன் பெத்த புள்ளையைப் பார்த்து எப்படா வர்றேன்னு கேட்குறான். இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் கேட்டது தப்பா?

சொல்லுங்க தம்பி.

ஜன்னல் பக்கம் என்ன பார்வை? உங்களைத்தான் கேட்கிறேன்.

பதினாலு செகண்டு. இந்தா, வாட்சைப் பாருங்க. பதினாலு செகண்டு ஆச்சு நான் கேட்டு. நமக்கு நடுவுல வயர் இல்ல. பொட்டி இருக்கு, அது பைக்குள்ள கிடக்கு, ஆன்கூடப் பண்ணல. மூஞ்சிக்கு மூஞ்சி உட்கார்ந்திருக்கோம். அப்புறம் ஏன் லேட்டு? காரணம் என்ன? நானா எழுதிக்கமாட்டேன். நீங்க உங்க வாயால சொல்லுங்க.

இல்ல. இருங்க. வேணாம். வேணாம் தம்பி, சொல்லாதீங்க.

ஊர் வந்துருச்சு. மூணு இருபது. அந்தப் பையை மட்டும் ஒரு கை பிடிச்சுத் தூக்கி விடுங்க. பார்த்து, பார்த்து. புதுசு.